இருநூறு கிராம்

காலை ஆறரைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் குத்துச்சண்டைக் கிளப்புக்குள் நுழைந்தார் கோச். நூறு வருடக் கட்டடம். சுவர் முழுக்கப் பழைய சண்டைகளின் போஸ்டர்கள். தைல நெடி, தோல் நெடி, எத்தனையோ பேர் சிந்திய வியர்வையின் புளித்த நெடி. நடுவில் கயிறு தொய்ந்த ரிங். மூலையில் அதே இரும்பு எடை மெஷின்.

இருபது வருடமாக இந்தப் படியை அவர் மிதிக்கவில்லை. ஆனால் தேசிய அணிக்கான தேர்வை இங்கே வைத்துவிட்டார்கள். மகளுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

"ஐம்பத்தொண்ணு புள்ளி ரெண்டு," என்றார் எடை பார்க்கும் அதிகாரி. "இருநூறு கிராம் கூட இருக்கு. எட்டு மணிக்குள்ள குறைக்கணும். அப்புறம் யார் சிபாரிசு கொண்டு வந்தாலும் பேரை அடிச்சிடுவேன்."

"இருநூறு கிராம்தானே சார்? துப்பியே இறக்கிடுவா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இதே வார்த்தையை இதே இடத்தில் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

நேற்று மதியத்திலிருந்து அவள் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. வியர்க்க வைக்கும் பிளாஸ்டிக் சட்டையை மாட்டிவிட்டு, மெல்லுவதற்குப் பபிள்கம்மும் துப்புவதற்கு வாளியும் கொடுத்து, உடை மாற்றும் அறைக்குள் அனுப்பினார். ஹீட்டரைத் திருகினார். குழாயை இறுக மூடினார். வெளியே தாழ்ப்பாள் போட்டார். கை தானாகவே எல்லாம் செய்தது.

அரை மணி நேரம் ஸ்கிப்பிங் கயிறு தரையில் அடித்தது.

ஐம்பத்தொண்ணு புள்ளி ரெண்டு.

"மெஷின்ல கோளாறு சார்!"

அதிகாரி தானே ஏறிக் காட்டினார். "என் தொப்பையையே ஒளிக்காம காட்டுது. அது மேல பழி போடாதீங்க."

மகளின் பின்னலைக் கத்தரித்தார் கோச். மறுபடி அறை, மறுபடி கயிறு.

ஐம்பத்தொண்ணு புள்ளி ரெண்டு.

மூன்றாம் முறை உள்ளே அனுப்பியபோது மணி ஏழு நாற்பது. கயிற்றுச் சத்தம் சட்டென்று நின்றது. கோச் கதவில் காதை வைத்தார்.

த்தூ.

கொஞ்சம் தள்ளி இன்னொரு த்தூ.

தாழ்ப்பாளை நீக்கினார். மகள் சுவரில் சாய்ந்து கிடந்தாள். உதடு வெடித்திருந்தது.

"அப்பா... அந்த அண்ணனுக்கும் எச்சில் வரல."

"எந்த அண்ணன்?"

"என்கூடத் துப்பிட்டிருந்தாரே. 'இன்னும் எவ்வளவு அத்தான், இன்னும் எவ்வளவு அத்தான்'னு கேட்டுட்டே இருக்காரு. யாரைப்பா கேக்குறாரு?"

அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

அவரை அத்தான் என்று கூப்பிட்டவன் உலகத்தில் ஒரே ஒருவன். மனைவியின் தம்பி. ஊரே அவனைக் குருவி என்றுதான் கூப்பிடும். இதே அறை, இதே தாழ்ப்பாள், இதே இருநூறு கிராம். எடை சரியாக வந்தது. அன்று மூன்றாவது ரவுண்டில் விழுந்தவன் எழவே இல்லை. எதிராளி அடித்த அடி என்று மனைவியிடம் சொன்னார். இன்றுவரை வீட்டில் அதுதான் உண்மை.

"இன்னும் ஒரு தடவை குதிக்கிறேன்பா. வந்துடும்."

கோச் தன் பையிலிருந்து அரை லிட்டர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகி நீட்டினார்.

"குடி."

"அப்போ அணி?"

"அணி நாசமாப் போகட்டும். குடிடி!"

மடக் மடக்கென்று குடித்தாள். காலி பாட்டிலைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "உன் மாமா அடிபட்டுச் சாகலம்மா. தண்ணி கேட்டான். நான் குடுக்கல."

உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவள் எழுந்தாள். வெளியே அதிகாரி கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "அஞ்சு நிமிஷம் இருக்கு. கடைசியா ஏறிப் பாத்துடும்மா."

ஏறினாள்.

"சரியா ஐம்பத்தொண்ணு! எப்படிம்மா இறக்கினே?"

அரை லிட்டர் தண்ணீர் குடித்தவள் திகைத்து அப்பாவைப் பார்த்தாள்.

கோச் அதைக் கவனிக்கவில்லை. மகளை விட்டு இறங்கிய யாரோ அவர் தோளில் கை ஊன்றியது போல ஒரு பாரம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாசல் குழாய்க்கு ஓடினார். குனிந்து குடித்தார். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது.

"போதும்ப்பா! வயிறு வெடிச்சிடும்!" மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் காதோரம் யாரோ வறண்ட வாயால் துப்பினார்கள்.

வயிறு முட்டிவிட்டது. நாக்கு மட்டும் நனையவே இல்லை.