பன்னிரண்டு அடுக்குச் சுருளிவேல்

காலை 9.10. செத்து இருபது நாளான திராட்சை ஆலோசகர் சுருளிவேல் செல்போனில் எழுதினார்: "கல்பப் பொடியை உடனே தெளியுங்கள்." நாலாயிரம் திராட்சை விவசாயிகள் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். பிணம் ஏன் பொடி விற்கிறது என்று ஒரு புத்திசாலியும் கேட்கவில்லை.

10.30. சின்னமனூர் வீட்டில் இன்ஸ்பெக்டர் ரெஹானாவிடம் சுருளிவேலின் மனைவி ஜோதிலட்சுமி அழுதார். "அதை அடிச்சா கொத்து கருகிரும்னு அவுகளே சொன்னாக, மேடம். இப்ப அவுக பேர்லயே..."

சுருளிவேல் எழுதிய தளத்துக்கு முதலாளி இல்லை. முறையிட ஆபீஸும் இல்லை. பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள்தான் சாவி. அவை யாரிடம் இருக்கின்றனவோ அவரே சுருளிவேல். இதற்குச் சுதந்திரம் என்று பெயர். அவருடைய போனோ சிதையில் எரிந்துவிட்டது.

அடுக்களையில் இரண்டு நாலடுக்கு டிபன் கேரியர்கள். ரெஹானா ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தார். அடியில் ஓர் ஆங்கிலச் சொல் வெட்டியிருந்தது.

"அவுககிட்ட என் பேர் வெட்டச் சொன்னேன்," என்றார் ஜோதிலட்சுமி. " என்னத்தையோ வெட்டிக் கொண்டாந்தாக. இதே மாதிரி நாலடுக்குல மொத்தம் மூணு கேரியர். போன மாசம் அவுககிட்ட வேலை பாத்த கார்த்திக்ராஜுக்குக் காய்ச்சல்னு சின்னதுல கஞ்சி குடுத்துவிட்டேன். வெறும் பாத்திரமாத் திருப்பக் கூடாதுன்னு வச்சிருக்கான் போல."

"வேற யாரு இதைத் தொட்டது?"

"காரியத்தன்னைக்கு அவனும் கொழுந்தன் விஜயகுமாரும் கழுவி அடுக்குனாக."

12.15. அதே வீட்டு வாசலில் விசாரணை. விஜயகுமார் பொடிக்கடைக்காரர். அண்ணனோடு ஐந்து வருஷம் பேச்சில்லாமல் சாவுக்குத்தான் வீட்டுக்குள் வந்தவர். "பொடி விக்கிறேன். அண்ணன் பேரைத் திருடல."

கார்த்திக்ராஜ் சீடன், குரு சொல்வதைத் தட்டச்சு செய்தவன். புது பைக்கில் சாய்ந்திருந்தான். "சாவியை என்கிட்ட அவர் காட்டினதே இல்ல. விஜயகுமாரைப் பிடிங்க மேடம்." ஊரும் அதையே சொன்னது. அதற்கு மேல் யோசிக்க ஊருக்குத் தெம்பில்லை.

"விஜயகுமார் பார்த்தது எட்டுச் சொல்," என்றார் ரெஹானா. "மீதி நாலு, அவர் வீட்டுக்குள்ள வர்றதுக்கு முந்தியே உன் ரூமுக்கு வந்துருச்சு. கழுவுன ரெண்டு பேர்ல பன்னிரண்டையும் பார்த்தவன் நீதான். பைக் பொடிக் கம்பெனி குடுத்ததா?"

அவன் முகம் வெளுத்தது. பிறகு திமிர் வந்தது. "அவர் பேச்செல்லாம் நான் எழுதினது. சுருளிவேல்னா நான்தான்."

"அப்ப காரியம் யாருக்குடா செஞ்சீங்க?"

"உள்ள போடுங்க. சாவியைக் கம்பெனிக்கும் அனுப்பிட்டேன். அதை மாத்த எவனாலும் முடியாது."

அது உண்மை. ரெஹானாவுக்கு எரிச்சலாக இருந்தது.

ஜோதிலட்சுமி கேட்டார்: "எல்லாருக்கும் குடுத்துட்டா?"

மாலை 5.00. கார்த்திக்ராஜ் ரூமிலிருந்து மூன்றாவது கேரியரும் வந்து சேர்ந்தது. ஜோதிலட்சுமி பன்னிரண்டு கிண்ணங்களையும் வரிசையாகக் கவிழ்த்துப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் முந்நூறு சுருளிவேல்கள் முளைத்தார்கள். ஒருவர் ஆட்டுக்கறி விலை சொன்னார், ஒருவர் கெட்ட வார்த்தை எழுதினார். இனி அந்தப் பெயரை யாரும் நம்பப்போவதில்லை. பொடியையும் யாரும் தொடவில்லை.

ஜோதிலட்சுமி கிண்ணங்களை மறுபடி அடுக்கினார்.

"இன்னைக்குத்தான் செத்தாக," என்றார்.