நிலாவில் முந்நூற்றுப் பத்துச் சதுர அடி

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு எதிரே ஆள் வந்தால் ஒதுங்கத் தெரியவில்லை. வீட்டு வாசலைத் தாண்டியதும் இடுப்பில் கட்டிய எடைப்பட்டையை அணைத்துவிட்டு மிதக்கக் கிளம்பிவிடுகிறார்கள். பெரியவன் வருகிறானே என்று பார்ப்பதில்லை. தலைக்கு மேலே போகிறார்கள், கால் நெற்றியில் இடிக்கிறது. திட்டினால் "சாரி தாத்தா" என்று கூரையிலிருந்து பதில் வருகிறது.

நான் பட்டையை அணைப்பதில்லை. நூற்றுப் பதினொரு வயதிலும் நடந்துதான் போவேன். அன்றும் வீட்டுப் பத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு நடந்துதான் போனேன். மற்றவர்கள் பத்திரத்தைக் கண்ணுக்குள் பதித்து வைத்திருக்கிறார்கள். என்னுடையது காகிதம். கண்ணை எவன் நம்புவான்?

எங்கள் ஊர் ஒரு வளையம். பூமிக்கும் நிலாவுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் எங்கள் தொகுதியில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், எல்லாம் தமிழ் ஆட்கள். வீட்டுக் குத்தகை தொண்ணூற்றொன்பது வருஷம். அது அன்று மாலை ஆறு மணியோடு முடிகிறது. முடிந்தால் நானும் என் மனைவி செங்கமலமும் பொதுக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே ஆளுக்கு ஒரு தூக்கப்பெட்டி, அதுவும் எட்டு மணி நேரத்துக்கு. பிறகு அடுத்த ஆள் உள்ளே போவான். முட்டி மடங்காத செங்கமலம் அதற்குள் எப்படிப் படுப்பாள்?

அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது பதிவி என்ற இயந்திரம். குத்தகையை நீட்டிக்க வேண்டும் என்றேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றது. நாலு மாதம் அலைந்து நான் வாங்கியது இருநூற்றொன்பது. ஒருவன் செவ்வாய்க்குப் போனவன், முகவரி இல்லை. இன்னொருவர் வாரிசு இல்லாமல் செத்துவிட்டார். மூன்றாவது ஆள் உறைதூக்கத்தில் இருக்கிறான், எழ இன்னும் அறுபது வருஷம் ஆகும். என் வீட்டுக்கு அவன் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன். பதிவி அதே பத்தியைத் திரும்பப் படித்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனுஷ ஜாதி யாராவது இருந்தால் வரச் சொல் என்றேன்.

மெர்லின் என்ற அதிகாரி வந்தாள். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம், பொறுமைசாலி.

"வீட்டுக்குக் குத்தகையே கிடையாதுங்க ஐயா, குத்தகை நிலத்துக்குத்தான்," என்றாள். "பக்கத்துத் தொகுதிக்காரங்க எல்லாம் நிரந்தரமாத்தான் இருக்காங்க. உங்க தொகுதி ஆளுங்கதான் நிலம் வேணும்னு கேட்டிருக்காங்க."

அது உண்மைதான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நிலத்தில் பாகம் இல்லாமல் அந்தரத்தில் தொங்குகிற வீட்டை எவன் வாங்குவான் என்று நம்மவர்கள் சண்டைக்கு நின்றார்கள். முன்னால் நின்றவர் என் அப்பா. வளையத்தில் மண்ணே இல்லையே என்று கட்டியவர்கள் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் நிலாவில் ஒரு மனையைக் காட்டி, வீட்டுக்கு முந்நூற்றுப் பத்துச் சதுர அடி பிரிபடாத பாகம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நிலாவை விற்கச் சட்டம் இல்லை. அதனால் குத்தகை. வீட்டையும் அந்தக் குத்தகையோடு சேர்த்துப் பிணைத்துவிட்டார்கள். அப்பா பத்திரத்தின் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்.

மெர்லின் சுவர்த்திரையைத் தொட்டு அந்த மனையைக் காட்டினாள். மனை இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. இந்த வளையத்தின் வெளிச்சுவரைப் பூசுவதற்காக நாற்பது வருஷத்துக்கு முன்பே மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டார்களாம்.

"எவ்வளவு ஆழம்?" என்று கேட்டேன்.

"முந்நூறு மீட்டர்."

"ஆழத்திலயும் எனக்குப் பாகம் உண்டா?"

அவள் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "இல்லாத நிலத்துக்கு எதுக்குங்க ஐயா குத்தகை? அந்த ஒரு பத்தியை அடிச்சிட்டா வீடு என்னைக்கும் உங்களோடது. கட்டணம் கிடையாது. இங்க ரேகை வெச்சாப் போதும்."

மணி ஐந்தரை. காதோரம் தட்டிச் செங்கமலத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"வெச்சிட்டு வாங்களேன், என் முட்டி உங்களைக் கும்பிடும்," என்றாள். உடனே, "அப்ப நிலம் போயிடுமா?" என்றாள். போய்விடும் என்றேன். அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

கட்டைவிரலைத் தூக்கினேன். பலகை என் விரலுக்காகப் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. இவ்வளவு சுலபமாக ஒரு சர்க்கார் காரியம் முடிந்து நான் பார்த்ததில்லை. விரலை மடக்கிக்கொண்டேன்.

"எங்க ஆளுங்க எத்தனை பேரு ரேகை வெச்சிருக்காங்க?"

"காலையிலேர்ந்து நாப்பது பேர்கிட்ட சொல்லிட்டேன்," என்று நெற்றியைத் தேய்த்தாள். "ஒருத்தரும் வைக்கல. எல்லாரும் ஆழத்தைப் பத்தித்தான் கேக்கறாங்க."

பத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஆறு மணிக்கு வீட்டுக் கதவு தானே பூட்டிக்கொள்ளும் ஐயா என்று அவள் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. வெளியே என் தொகுதிக்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். செவ்வாய்க்குப் போனவனின் முகவரி கிடைத்ததா என்று ஒருவர் கேட்டார். இல்லை என்று கையை விரித்துவிட்டு நடந்தேன்.

நல்ல பெண்தான், சிரித்துத்தான் பேசினாள். ஆனால் நூற்றுப் பதினொரு வருஷத்தில் எவனும் எனக்கு எதையும் சும்மா தந்ததில்லை. அந்தப் பத்தியை அடித்தால் போதும் என்று இவ்வளவு கெஞ்சுகிறார்கள் என்றால், அந்தப் பள்ளத்தில் ஏதோ இருக்கிறது.