கடைசி ஆளின் இரண்டு தட்டு

மாலதி பெடலை நிறுத்திவிட்டுச் சைக்கிளைத் தானாக உருளவிட்டாள். பின்சக்கரத்திலிருந்து ட்ரிக் ட்ரிக் என்று சத்தம் வந்தது; அது வழக்கம்தான். பிறகு பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றி நின்றாள். சத்தம் நிற்கவில்லை. இடப்பக்கம், ஏரிக்குள்ளிருந்து, இன்னொரு சக்கரம் அதேபோல ட்ரிக் ட்ரிக் என்று கொஞ்ச தூரம் உருண்டு வந்து, இவள் நின்றுவிட்டதைக் கவனித்தாற்போல அதுவும் நின்றது.

இடப்பக்கம் பாதை கிடையாது. முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர், அதற்கும் கீழே இடுப்பளவு சேறு. பழவேற்காட்டுச் சேற்றை அறியாதவர்களுக்கு ஒரு தகவல்: மாசிலாமணி என்கிற மீன்காரர் அதில் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு மூன்று வருஷம் கழித்து அதையே மீட்டார். உள்ளே ஒரு நண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்தது. காலி செய்யச் சொல்ல மனம் வராமல் இன்னொரு செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வீடு திரும்பினார். ஆகவே, அந்தச் சேறு எடுத்ததைத் திருப்பித் தராது என்று சொல்ல முடியாது. தரும். எடுத்தபடியே தராது.

காற்றுதான் என்று மாலதி முடிவு செய்துகொண்டு மறுபடி மிதித்தாள்.

அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி, காட்டூர் வயல்களைக் கடந்து, ஏரியோரமாக ஆந்திரப் பக்கம் வரை போகும் மண்பாதை அது. வருஷத்துக்கு ஒருமுறை, பூநாரைகள் வரும் காலத்தில், சைக்கிளில் கூடாரமும் பைகளும் கட்டிக்கொண்டு ஒரு பெருங்கும்பல் அங்கிருந்து ஒன்றாகப் புறப்படும். மாலதி அந்தக் கும்பலில் சேர்ந்ததில்லை. கும்பலாகப் போனால் முன்னால் போகிறவன் முதுகைத் தவிர வேறென்ன பார்க்க முடியும் என்பது அவள் கட்சி. தனியாகப் போனால் பஞ்சர் ஆகும்போது யாரைத் திட்டுவது என்பது அவள் கணவன் கேசவனின் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து இந்த வழக்கு நடந்துவந்தது, தீர்ப்பு வரவில்லை.

போன வருஷம் சமரசம் செய்துகொண்டார்கள். கேசவன் கும்பலோடு இந்த முனையிலிருந்து வருவான். மாலதி தனியாக அந்த முனையிலிருந்து வருவாள். பசியாவரம் தீவுக்கு எதிரே உள்ள கரையில் சந்திப்பது. பிந்தி வருகிறவர் முந்தி வந்தவருக்கு இறால் வறுவல் வாங்கித் தர வேண்டும்.

மாலதிதான் முந்தி வந்தாள். பிறகு கும்பல் வந்தது. வெயிலில் கருத்து, சிரித்துக்கொண்டு, ஒவ்வொருவராக வந்தார்கள். கேசவன் எங்கே என்று கேட்டதற்கு எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: பின்னால் வருகிறார். அதில் தப்பில்லை. பின்னால் வருவதுதான் அவன் வேலை. எத்தனை பேர் போனாலும் கடைசி ஆளாக வந்து, பஞ்சர் ஆனவனுக்கு ஒட்டுப்போட்டு, களைத்தவனைத் தள்ளிக்கொண்டு வருவான். ஒரு வாரம் கழித்து அவன் சைக்கிள் நடு ஏரியில் வலையில் சிக்கியது. அது சேற்றில் நேராக நின்றுகொண்டிருந்ததாம். அவன் சிக்கவில்லை.

ஜெயித்தது மாலதி. இறால் வறுவல் இன்னும் வரவில்லை.

அந்தச் சைக்கிளின் மணியைக் கழற்றித் தன் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தாள். ஒருமுறை அந்தக் கரையில் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை காத்திருந்து, அவன் வரமாட்டான் என்று தன் உடம்புக்குப் புரியவைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் வந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் மஞ்சளாகிவிட்டிருந்தது. காய்ந்த நண்டும் உவர்மண்ணும் கலந்த வீச்சம். ஏரிக்குள் ஒரு வரிசை ஆட்கள், கழுத்தளவுக்குக் குனிந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை ஒவ்வொருவரும் பல்லில் கடித்திருந்தார்கள். இரண்டு கையும் சேற்றில், வாயில் பறி. அதனால் பேச முடியாது. வரிசையின் கடைசி ஆள் அவ்வப்போது கையை எடுத்துத் தண்ணீரை இருமுறை தட்டுவான்: நான் இருக்கிறேன். முன்னால் போகிறவள் ஒருமுறை தட்டுவாள்: கேட்டது, வா. கேசவன் இதைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் தன் கும்பலுக்கு மணிக் கணக்கை வகுத்தான். கடைசி ஆள் இரண்டு, முதல் ஆள் ஒன்று.

வரிசை கரையேறியது. முன்னால் வந்தவள் அம்மணி. கேசவன் இந்தக் கரையில் கூடாரம் போடும்போதெல்லாம் அவனுக்குச் சோறு கொடுத்தவள். பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு மாலதியை உற்றுப் பார்த்தாள்.

"கேசவன் பொஞ்சாதிதானே நீ. இன்னாத்துக்கு இங்க உக்காந்துனு கீற?"

சும்மாதான் என்றாள் மாலதி. அம்மணி அதை நம்பியதாகத் தெரியவில்லை. அருகில் வந்து குந்தினாள்.

"எங்க வழக்கத்தத்தான் உன் ஊட்டுக்காரு எத்துனு போனாரு. பாதியத்தான் எத்துனு போனாரு. மீதி சொல்றதுக்குள்ள சைக்கிள் ஏறிட்டாரு."

"மீதி என்னக்கா?"

"கரையேறி பறிய வாயிலேர்ந்து எடுத்துட்டோம்னா, அப்புறம் தண்ணில யாரு தட்னாலும் பதில் குடுக்கக்கூடாது. பெத்த புள்ளயா இருந்தாலும். கரையேறினவங்க தட்ட மாட்டாங்க."

"குடுத்தா?"

"உன்னத்தான் முன்னால போறவள்னு நெனச்சிக்குவாங்க. பதிலே கெடைக்காம உள்ள நிக்கறவங்க எல்லாரும்."

எங்களோடு வந்துவிடு, கும்பலாகப் போகலாம் என்று கூப்பிட்டாள். தான் எப்போதும் தனியாக ஓட்டுகிறவள் என்றாள் மாலதி.

"தனியாவா," என்று அம்மணி எழுந்தாள். "நீ வர்றசொல்ல உன் பக்கத்துல இன்னொரு சக்கரம் கேட்டுச்சே."

அவர்கள் போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பூநாரைகள் எழுந்து போயின. காற்று விழுந்தது. பசியாவரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய, அவற்றின் பிம்பம் தண்ணீரில் அசையாமல் கிடந்தது. கொசுகூட இல்லை. சேற்றிலிருந்து ஒரு வாடை எழுந்து வந்தது. சைக்கிள் செயினுக்கு விடும் எண்ணெயும், வியர்வையும், அவன் சட்டைக் காலரும். மாலதி மூச்சை அடக்கினாள்.

தட். தட்.

மடவை மீன் துள்ளுகிறது என்று நினைத்தாள். ஆனால் மடவை ஒருமுறைதான் துள்ளும். அதற்கு எண்ணத் தெரியாது.

தட். தட்.

முதல் தட்டு அழுத்தமாக, இரண்டாவது சோம்பலாக. மணியையும் அவன் அப்படித்தான் அடிப்பான். வீட்டுக் கதவையும் அப்படித்தான் தட்டுவான். உள்ளே அடுப்படியில் இருந்தாலும் அவளுக்குத் தெரியும்.

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். போய்விட வேண்டும். எழுந்து, சைக்கிளைத் திருப்பி, காட்டூர் பக்கம். அவ்வளவுதான். எழுந்தாள். திருப்பினாள்.

தட்.

அடுத்தது வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. பிறகு, களைத்துப்போன கை தண்ணீரில் விழுவதைப்போல, பாதித் தட்டு.

ஒரு வருஷம். யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்தவன்.

மாலதி மணியை அடித்தாள். ஒருமுறை.

ஏரி கேட்டுக்கொண்டது. உடனே பதில் வந்தது, இரண்டு தட்டு. அதற்கும் அப்பாலிருந்து இரண்டு. அதற்கும் அப்பால். இரண்டு. இரண்டு. கண்ணுக்கு எட்டாத தூரம்வரை.

முதல் தலை தண்ணீருக்கு மேல் வந்தது. பல்லில் ஓலைப் பறி. அவனல்ல. கரையேறி அவள் சைக்கிளுக்குப் பின்னால் வந்து நின்றது; நீர் சொட்டியது. அடுத்தது ஒரு பெண். அவனல்ல. அடுத்ததன் வாயில் பறி இருந்தது, அதற்குக் கீழே தாடை இல்லை. அவனல்ல.

ஓடியிருக்கலாம். ஆனால் அவன் கடைசி ஆள். எல்லாரும் கரையேறிய பிறகுதான் வருவான். எல்லாரையும் ஏறவிட்டால்தான் அவன்.

வரிசை நின்றது. யாரும் அசையவில்லை. முன்னால் போகிறவள் நகர்ந்தால்தான் பின்னால் இருப்பவர்கள் நகர முடியும். அது அவளுக்குப் புரிந்தது. ஏறி உட்கார்ந்தாள். மிதித்தாள்.

பின்னால் ஈரக் காலடிகள். தள்ளாமல், முந்தாமல், வரிசையாக.

காட்டூரின் முதல் தெருவிளக்கின் கீழே வந்தபோது நாய்கள் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. ஒரு வீட்டுக்குள் யாரோ குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள், கதவு திறந்திருந்தது. மாலதி முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் பறியைக் கடித்த முகங்கள், அதற்குப் பின்னால் இருட்டில் இன்னும் முகங்கள், வயல் நெடுக, ஏரிவரை. வரிசையின் முடிவு தெரியவில்லை. அதற்கும் அப்பால், வெகு தொலைவில், இன்னும் தண்ணீருக்குள், ட்ரிக் ட்ரிக் என்று ஒரு சக்கரம் வந்துகொண்டே இருந்தது.