நான்காம் கட்டிலின் காலை உணவு

சனிக்கிழமை காலை 9.50. பெண்கள் வார்டில் நான்காம் கட்டிலுக்கு மாத்திரை கொடுக்கப் போன தாதி திவ்யதர்ஷினி, கிழவியின் தோளைத் தொட்டு உலுக்கினாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கண் திறக்கவில்லை. 10.25க்கு டாக்டர் கையுறையைக் கழற்றினார். சுப்பம்மா, வயது அறுபத்தெட்டு, நீரிழிவுக்காரர், காலில் ஆறாத புண்ணுக்காக வியாழக்கிழமை சேர்ந்தவர், செத்துப்போனார்.

11.10க்கு அதைத் தமிழில் சொல்லும் வேலை இந்திராதேவிக்கு வந்தது. மலாக்காவில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையில் அவள் நோயாளி உறவு அதிகாரி. பெயர்தான் பெரிது. அட்மிஷன் பாரம் நிரப்ப வேண்டும், புகார் வாங்க வேண்டும், ஏதாவது தப்பாகப் போனால் பழக்கூடையோடு குடும்பத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். நிர்வாகி ஹரிதாஸ் அவளைக் காரிடாரில் நிறுத்தி, என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். மகள் கோயிலில் இருந்து கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலை ஊட்டியிருக்கிறாள். ரத்தத்தில் ஏழுக்குள் இருக்க வேண்டிய சர்க்கரை 26.8க்கு ஏறிவிட்டது. இதயம் தாங்கவில்லை.

இந்திராதேவி அதை அப்படியே, வேலையில் இருந்து ஓடி வந்த மகள் ஜெயாவிடம் ஒப்பித்தாள். பன்னிரண்டு வருஷமாக இப்படிச் சொல்லிச் சொல்லி நாக்கு மரத்துப்போயிருந்தது. ஜெயா அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வியாழக்கிழமை மாலை 4.00. இரங்கல் கடிதத்தையும் பழக்கூடையையும் எடுத்துக்கொண்டு இந்திராதேவி தங்கா பத்துவில் ஜெயாவின் வீட்டுக்குப் போனாள். ஜெயா புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் தனியாக இருந்தாள். சவத்தை ரெம்பியாவில் இருக்கும் அண்ணன் கணேஸ்வரன் வீட்டில் வைத்துத்தான் எடுத்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் அவன், அம்மாவைக் கொன்றவள் இனிமேல் என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். அடுத்த ஞாயிறு கருமாதி. அதற்கும் அவள் போக முடியாது.

"ஒரு கரண்டிதான்க்கா குடுத்தேன்," என்றாள் ஜெயா. "எட்டு இருவது இருக்கும். சிஸ்டர் வந்து ஏசிட்டு டப்பாவ எடுத்துட்டுப் போய்ட்டாங்க. ஒரு கரண்டிக்கு ஆள் செத்துருவாங்களா?"

மூலையில் மருத்துவமனை கொடுத்த பிளாஸ்டிக் பை பிரிக்காமல் கிடந்தது. சுப்பம்மாவின் உடுப்பு. இந்திராதேவி பிரித்ததும் பூஞ்சை வாடை அடித்தது. கழுத்தில் இருந்து இடுப்பு வரை மழையில் நனைந்து காய்ந்த மாதிரி கறை. தண்ணீர் ஏதும் கொட்டிவிட்டதா என்று கேட்டாள். ஜெயாவுக்குத் தெரியவில்லை. எட்டரைக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டாளாம். அம்மாவுக்குப் புரட்டாசி சனி என்றால் உயிர், அதனால்தான் விடியலிலேயே பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு ஓடி வந்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கார் ஆலமரத் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் இந்திராதேவி வண்டியை ஓரம் கட்டினாள். புரட்டாசி சனி என்று ஜெயா சொன்னது அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை 9.15. வார்டு கவுண்டரில் திவ்யதர்ஷினி முன்னால் இந்திராதேவி போய் நின்றாள்.

"இன்சுலின் எத்தன மணிக்குப் போட்ட?"

"ஏழரைக்குக்கா."

"சாப்பாடு?"

"ஏழே முக்காலுக்கு டிரே வந்துச்சு. சனிக்கிழமன்னா புபூர் ஆயாம், கோழிக் கஞ்சிதானே."

"சாப்பிட்டதப் பாத்தியா?"

"ஆறு கட்டில், நான் ஒருத்தி. சார்ட்ல டிக் இருந்துச்சுக்கா."

"டிரேய எப்ப எடுப்பாங்க?"

"எட்டு நாப்பது. கிளீனிங் கொன்ட்ராக்ட் ஆளுங்க எடுத்துட்டுப் போயிருவாங்க. உள்ள என்னா இருக்குன்னு யாரு பாக்குறா."

இந்திராதேவி உணவுச் சார்ட்டை எடுத்தாள். ஆறு கட்டிலுக்கும் ஒரே மை, ஒரே சாய்வு, 'முழுவதும் உண்டார்' என்ற கட்டத்தில் டிக். நேரம் 8.00. கீழே வார்டு சிஸ்டர் ஜானகியின் கையெழுத்து. அடுத்து அவசர டிரோலியை மறுபடி நிரப்பிய சீட்டு. சனிக்கிழமை 10.40. அட்ரினலின் மூன்று. டெக்ஸ்ட்ரோஸ் ஐம்பது விழுக்காடு, இரண்டு குப்பி. ஊசி, குழாய், கையுறை. இரண்டையும் போனில் படம் எடுத்தாள்.

சர்க்கரை பார்க்கும் கருவி எங்கே என்று ஜானகியைக் கேட்டாள்.

"சர்வீசுக்குப் போயிருச்சு."

"எப்ப?"

"சனிக்கிழம மத்தியானம்."

"கெட்டுப்போச்சா?"

"உனக்கு எதுக்குலா இந்த வேல?" என்றாள் ஜானகி. முப்பது வருஷ சர்வீஸ். குரல் உயரவே இல்லை. "போ, போய் கூடை கட்டு."

திங்கட்கிழமை பிற்பகல் 2.30. ஹரிதாஸின் அறை. ஜானகியும் திவ்யதர்ஷினியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இந்திராதேவி நின்றுகொண்டே பேசினாள்.

சர்க்கரை ஏறிச் செத்த ஆளுக்கு டிரோலியில் இருந்து டெக்ஸ்ட்ரோஸ் எதற்குப் போனது என்று கேட்டாள். டெக்ஸ்ட்ரோஸ் என்பது சர்க்கரைத் தண்ணீர். நரம்பு வழியாக இரண்டு குப்பி ஏற்றினால் யாருக்கும் 26.8 வரும். கிழவிக்குச் சர்க்கரை ஏறவில்லை, அடியோடு இறங்கியிருந்தது. உடுப்பு நனைந்தது தண்ணீரால் அல்ல, வேர்வையால். சர்க்கரை இறங்கினால்தான் அப்படிக் கொட்டும். முதலில் பார்த்த அளவு சார்ட்டில் இல்லை. இரண்டாவது மட்டும் இருக்கிறது. முதல் அளவைப் பதிந்து வைத்திருந்த கருவி அன்றைக்கே சர்வீசுக்குப் போய்விட்டது.

"ஏன் எறங்குச்சு?" என்றார் ஹரிதாஸ்.

"வெறும் வயித்துல இன்சுலின். அன்னிக்குப் புரட்டாசி சனி சார். அந்தம்மா கவுச்சியத் தொடமாட்டாங்க. கோழிக் கஞ்சி வந்துச்சு, மூடி வச்சிட்டாங்க. யாரயும் கூப்பிட்டுச் சொல்லியிருக்க மாட்டாங்க. எஸ்டேட்ல பொறந்து வளந்தவங்க, வெள்ளச் சட்டயப் பாத்தா வாய் தொறக்காது. டிரே எடுத்தது எட்டு நாப்பதுக்கு. ஆறு பேரும் முழுசா சாப்பிட்டாங்கன்னு சிஸ்டர் எட்டு மணிக்கே டிக் போட்டாச்சு."

ஜானகி திவ்யதர்ஷினியைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"முதல் அளவு எவ்வளவு சிஸ்டர்?" என்றாள் இந்திராதேவி.

ஜானகி மேசையைப் பார்த்துச் சொன்னாள். "ஒன்னு புள்ளி நாலு."

நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து.

"டிக் போட்டது சிஸ்டர். அளவ மறச்சதும் சிஸ்டர்," என்றாள் இந்திராதேவி. "ஆனா கோழிக் கஞ்சி வரவச்சது நான். வியாழக்கிழம அட்மிஷன் பாரம் நிரப்புனது நான்தான். சைவமா அசைவமான்னு கேட்டேன். அசைவம்னாங்க. பொய் இல்ல, மத்த நாள்ல சாப்பிடுறவங்க. புரட்டாசின்னு எனக்குத் தெரியாதா? நான் வெரதத்த விட்டு எத்தனயோ வருஷமாச்சு, மறந்து தொலச்சிட்டேன். சனிக்கிழமயும் சாப்பிடுவீங்களான்னு அடுத்த கேள்விய நான் கேக்கல."

ஹரிதாஸ் பேனாவை மூடினார். அவர் கோபப்படவில்லை. நடந்ததைக் குடும்பத்திடம் சொல்ல வேண்டும், எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அவள் கேட்டதற்கு, வக்கீல் விடமாட்டார் என்றார். பிறகு மேசை மேல் இருந்த இரங்கல் கடிதத்தின் நகலை அவள் பக்கம் தள்ளினார். சிகிச்சை பலனின்றி இயற்கை எய்தினார் என்று இருந்தது. பொங்கல் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. மருத்துவமனை எழுதிய எந்தத் தாளிலும் இல்லை.

"பொங்கல்னு சொன்னது யாரு?" என்றார். "நாங்களா? எங்கள்ல யாரும் அவங்ககிட்ட பேசவே இல்லயே. நீங்கதானே மிஸ் இந்திரா பேசுனீங்க?"

செவ்வாய்க்கிழமை காலை 10.00. தங்கா பத்து. இந்திராதேவி எல்லாவற்றையும் முதலில் இருந்து சொன்னாள், தன்னைப் பற்றியதையும் விடாமல். சுகாதார அமைச்சுக்குப் புகார் எழுதலாம், நான் சாட்சி சொல்கிறேன், ஆனால் வருஷக் கணக்கில் இழுக்கும் என்றாள். ஜெயா அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். இந்திராதேவி மறுபடி சொன்னதைக் கணேஸ்வரன் ஐந்து நிமிஷம் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அன்னிக்கு நீங்கதான பொங்கலுன்னு சொன்னது?"

"ஆமா. அது பொய்."

"இன்னிக்குச் சொல்றது?"

"உண்ம. என் போன்ல படம் இருக்கு."

"ஆஸ்பத்திரி முத்திர, சாப்பு அடிச்ச லெட்டர் இருக்கா?"

"இல்ல."

"அப்பறம் என்னாலா. இவளப் பாத்துப் பாவப்பட்டு வந்திருக்கீங்க. நல்ல மனசு. வைங்க போன."

ஜெயா போனைக் கவிழ்த்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ரெம்பியாவுக்குப் போவது பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. வெளியே வீதியில் காஸ் சிலிண்டர் தோம்புகள் ஏற்றிய லாரி நின்று, பக்கத்து வீட்டில் ஒன்றை இறக்கிவிட்டுப் போனது.

"அப்ப சக்கர எறங்கித்தான் செத்தாங்க."

"ஆமா."

"நான் குடுத்தது இனிப்பு."

இந்தப் பேச்சு வரும் என்று வழியெல்லாம் தெரிந்தேதான் இந்திராதேவி வந்திருந்தாள்.

"சிஸ்டர் ஏசுனப்ப நான் டப்பாவக் குடுத்திருக்கக் கூடாது. அம்மா வாயத் தொறந்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. இன்னும் நாலு வாய் ஊட்டியிருந்தா பொழச்சிருப்பாங்களா?"

தெரியாது என்று சொல்லலாம். அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது, எவ்வளவு நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது என்பதெல்லாம் இந்திராதேவிக்கு மனப்பாடம்.

"பொழச்சிருக்கலாம்," என்றாள்.

ஜெயா தலையாட்டினாள். எழுந்து போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"குடிச்சிட்டுக் கெளம்புங்கக்கா. அண்ணன் ஏசுனது எனக்குப் பழகிப்போச்சு. நீங்க இப்ப சொன்னத எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியல."