யூஜினின் கண்ணாடித் தலை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். காக்ஸ் டவுனில் ஒருத்தி ஆசையாய் அலமாரியில் வைத்த பொருளைப் பற்றிச் சொல்லப்போகிறேன். மனசைக் கொஞ்சம் கெட்டியாக வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலை, அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த ஐரினின் கைக்கு அந்தக் கண்ணாடி மண்டை ஓடு வெதுவெதுப்பாகப் பட்டது. வெயில் அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை.

செய்தவன் அவள் தம்பி டெரிக். கண்ணாடியை உருக்கிச் சிற்பம் வார்க்கிறவன். ஐரினின் புருஷன் யூஜினுக்குத் தலைவலி என்று எடுத்த ஸ்கேனை வாங்கிப் போய், அதே அளவில் அவர் மண்டை ஓட்டை வார்த்து, சாவிலும் அழகு இருக்கிறது என்று கண்காட்சியில் வைத்தான். முடிந்ததும் அக்கா வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தான்.

"மாமா, உங்க மண்டைக்குள்ள ஒண்ணுமில்லன்னு இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

யூஜின்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அழகுதான். அதுவே வினையாயிற்று. திருநாள் மாலை கல்லறையிலிருந்து திரும்பியவள், மிஞ்சின மெழுகுவர்த்தியை அதன் பின்னால் ஏற்றிப் பார்த்தாள். பல்வரிசையில் தேன் நிறம் ஓடியது, சுவரெல்லாம் வெளிச்சம் குளத்துத் தண்ணீர் போல அசைந்தது. செத்தவர்களுக்கு ஏற்றுகிறதை உயிரோடிருக்கிற எனக்கு ஏற்றுகிறாயே என்று யூஜின் கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சட்டென்று ஊதி அணைத்தாள்.

அதற்குப் பிறகு, ஜன்னலையெல்லாம் திறந்துவைத்தும், சாம்பிராணி போட்டும், கருகின திரியின் வாசம் கூடத்தை விட்டுப் போகவில்லை. கண்ணாடியின் கன்னத்தில் பாலாடை மாதிரி ஒரு மங்கல் படர்ந்தது. துடைக்கத் துடைக்கத் தடித்தது. யூஜின் சோறு மெல்லும்போது, கண்ணாடி டம்ளரில் கரண்டி தட்டுகிற மெல்லிய சத்தம் கேட்டது. டெரிக்கைக் கூப்பிட்டுச் சொன்னாள். மழைக்காலத்தில் கண்ணாடி அப்படித்தான் வேர்க்கும் என்றான். கோயிலிலிருந்து ஃபாதர் வந்து மண்டை ஓட்டின் மேல் தீர்த்தம் தெளித்தார். அது வழிந்து ஓடவில்லை. தோல் உறிஞ்சுகிற மாதிரி உள்ளே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யூஜின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெயில் அவர் கன்னத்தின் வழியாகப் புகுந்து மறுபக்கம் வந்து தரையில் விழுந்தது. பல்லின் வேர்கள் தெரிந்தன. நிழல் இல்லை.

ஐரின் அலமாரியைப் பார்த்தாள்.

மண்டை ஓட்டுக்கு இமைகள் முளைத்திருந்தன. மூடியிருந்தன.

உடைத்துவிட்டால் அவர் பிழைப்பார். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். துவைக்கிற கல். கைகளை உயர்த்தினாள். உள்ளங்கையில் நாடி துடித்தது. அவளுடையது இல்லை.

"ஐரின்."

கூடத்திலிருந்து அவர் குரல்.

"மெதுவா, ஐரின். தலை சுத்துது. என்னைக் கீழ போட்டுடாத."

சுவரைத் தடவித் தடவி வந்து வாசற்படியில் நின்றார். நெற்றிக்குப் பின்னால் கூடத்துக் காலண்டர் தெரிந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு வழவழப்பான குழிகள்.

"எங்க இருக்க? ஒண்ணும் தெரியலையே."

ஐரின் உயர்த்திய கைகளை மெல்ல இறக்கினாள். உடைக்க முடியாது. விடவும் முடியாது.

கைக்குள் இமைகள் திறந்தன.

யூஜினின் கண்கள். ஈரமாக. அவளையே பார்த்தபடி.

போய்ப் படுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டார் எல்லாரும் தொட்டால் சதையாய், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற முகமாய், நெடுங்காலம் நிழலோடு நடமாடட்டும்.