ஏகாதசிப் பட்டியல்

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ரெஜிஸ் எடுத்தார். காலை மணி பதினொன்று.

“சார்… கொலை!”

பேசியவர் பீமராவ். அம்மா மண்டபம் சாலைப் பக்கம் ஓர் அபார்ட்மெண்டின் சங்கச் செயலாளர். எதிர் வீட்டு சந்திரம்மாள் ஹாலில் மண்டை உடைந்து கிடக்கிறாராம். கழுத்தில் செயின் இல்லையாம்.

“யாரையாவது பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். பத்தரைக்கு மாடிப்படில இறங்கி ஓடினான். எங்க மோட்டார் ரிப்பேர் பண்ற காத்தான்.”

ரெஜிஸ் மெல்லத் தலையைத் திருப்பினார்.

எதிரே மர பெஞ்ச். அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்…

காத்தான்!

காலை ஆறு மணியிலிருந்து அங்கேதான் இருக்கிறான்.

மறுநாள் வைகுண்ட ஏகாதசி. சொர்க்கவாசல் திறப்புக்கு ஸ்ரீரங்கமே திணறும். முந்தின நாளே ‘பட்டியலில்’ இருப்பவர்களைக் கூட்டி வந்து உட்கார வைப்பது அந்த ஸ்டேஷன் வழக்கம். காத்தான் என்ன திருடினான்? ஒரு நட்டு, போல்டு கூட இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் அவன் தாத்தாவின் சாதியையே குற்றப்பரம்பரை என்று சட்டம் போட்டு எழுதினார்கள். தாத்தா தினம் ஸ்டேஷனுக்கு வந்து கைநாட்டு வைத்தார். சட்டம் எப்போதோ செத்துவிட்டது. பட்டியல் சாகவில்லை. தாத்தா பெயர் இருந்த இடத்தில் பேரன் பெயரை டைப் செய்திருந்தார்கள், அவ்வளவுதான்.

படிக்கிற உங்களுக்கே எரிகிறதல்லவா? அவனுக்கு நாற்பது வருஷமாக எரிகிறது.

ரெஜிஸ் போனை வைத்தார்.

“காத்தான், அரை மணி முன்னாடி நீ ஒரு கொலை பண்ணியிருக்க.”

“டீ குடிச்சிக்கிட்டேவா சார்?”

ரைட்டர் சுஜா பதறிக்கொண்டு வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“சார், இவர் இங்க இருந்ததா எந்த ரெக்கார்டுலயும் இல்ல. இப்ப எழுதினா, கேஸே இல்லாம எதுக்கு உட்கார வெச்சீங்கன்னு கேப்பாங்க. நம்ம தலைதான் உருளும்.”

எழுதாவிட்டால் காத்தான் கொலைகாரன். எழுதினால் ரெஜிஸ் குற்றவாளி. நல்ல வேலைக்கு வந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டார் ரெஜிஸ்.

காத்தான் எழுந்து நின்றான். டம்ளரை பெஞ்சில் வைத்தான்.

“சார்… எம் பொண்ணு இளவேனில் போலீஸ் வேலைக்கு செலக்ட் ஆயிருக்கா. நாளான்னிக்கு வெரிஃபிகேஷன். அப்பன் மேல கொலைக் கேஸுன்னா அவ வேலை போச்சு. இத்தன வருஷமா என் பேர எழுதி வெச்சிருக்கீங்க. இன்னிக்கு ஒரு தடவ உண்மைய எழுதுங்க சார்.”

ரெஜிஸ் அவனையே பார்த்தார். வெட்கமாக இருந்தது. பேனாவைத் திறந்தார்.

காலை ஆறு முதல் காத்தான் என் ஸ்டேஷனில், என் உத்தரவின் பேரில், வழக்கு ஏதுமின்றி…

கையெழுத்தும் போட்டார்.

அபார்ட்மெண்ட் வாசலில் கூட்டம். தீர்ப்பே ஆகியிருந்தது. ‘கொலைகாரன்’ என்று காத்தானின் படம் வாட்ஸ்அப்பில் பறந்துகொண்டிருந்தது. அவன் மூஞ்சியைப் பார்த்தபோதே தெரியும் என்றார் ஒருவர். போன வாரம் அவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு சமயபுரம் போய் வந்தவர் அவர்தான்.

“பத்தரைக்கு… காத்தானேதானா?” என்றார் ரெஜிஸ்.

“ரங்கநாதர் மேல சத்தியம் சார்” என்றார் பீமராவ்.

“பத்தரைக்கு அவன் எனக்கு எதிர்ல உட்கார்ந்திருந்தான்.”

பீமராவின் முகம் வெளுத்தது.

சோதனை போட்டதில், அவர் வீட்டு வாஷிங் மெஷினில் ரத்தக்கறைச் சட்டை. அரிசி டப்பாவில் செயின். பார்க்கிங் தகராறில் பிடித்துத் தள்ளியிருக்கிறார். அம்மாள் விழுந்த வேகத்தில் உயிர் போய்விட்டது. திருட்டுப் போலத் தெரிய செயினைக் கழற்றினார். திருடன் வேண்டுமே! தேட வேண்டிய அவசியமே இல்லை. பட்டியல் ஸ்டேஷனில் மட்டுமா இருக்கிறது? ஊர் வாயிலும்தான் இருக்கிறது.

சாயங்காலம் காத்தானை அனுப்பி வைத்தார் ரெஜிஸ். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு அதற்குள் இரண்டு போன்.

ஐந்தே நிமிஷம். காத்தான் திரும்பி வந்தான். சட்டை கிழிந்திருந்தது. உதட்டில் ரத்தம்.

“யாருய்யா அடிச்சது?”

“படத்த பாத்தவங்க சார். பீமராவ் பிடிபட்ட சேதி இன்னும் யாருக்கும் வரலையாம்.”

அவன் நேராகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தான்.

“வெளிய நான் கொலைகாரன் சார். இந்த பெஞ்சுலதான் நிரபராதி. டீ மட்டும் இன்னொண்ணு சொல்லுங்க.”