இருநூறு இழுப்பு

காலை பத்தரை மணிக்குச் சோதனை மேசையில் கருவி சூடாக இருந்தது. மின் இணைப்பே கொடுக்கவில்லை. முப்பது சென்டிமீட்டர் நீளம், பென்சிலைவிட மெல்லியது, விரல் மாதிரி எந்தப் பக்கமும் வளையும். வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளே விடுவதற்காக அவள் நான்கு வருடம் உயிரைக் கொடுத்துச் செய்தது. இப்போது சிலிக்கான் வயிற்றுப் பொம்மையின் துளைக்குள் பாதி புதைந்து, ஏசியின் முனகலுக்கும் மருந்து நெடிக்கும் நடுவே, ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது சனியன்.

இதன் ஜோடி இந்நேரம் அறுவை அரங்கில் அக்காவின் வயிற்றுக்குள் இருக்கும். "நீ செஞ்சதுதானேடி, எனக்கென்ன பயம்?" என்று நேற்று சிரித்துக்கொண்டே அக்கா இவள் நகங்களுக்கு ஊதாச் சாயம் பூசிவிட்டாள். பயமெல்லாம் இவளுக்குத்தான். வளைந்த கருவியை வெளியே இழுக்கும் சோதனையை இருநூறு முறை செய்திருக்க வேண்டும். நாற்பதோடு அலுத்துப்போய், மீதியையும் செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். பாவி. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அக்காவிடம் அதைச் சொல்வது?

விடுபட்ட நூற்றறுபதை இப்போதாவது இழுத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

நாற்பத்தொன்று. பிடித்து இழுத்தாள். வந்தது. முப்பது சென்டிமீட்டரும் வந்த பிறகும் வந்தது. ஒரு முழம். இரண்டு முழம். வழுவழுவென்று, ஈரமாக. சிலிக்கானில் ஏது ஈரம்? ரத்த வாடை.

கைபேசி அலறியது. அறுவை அரங்கிலிருந்து டாக்டர். இடது கையால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்கீங்க? வெளிய எடுக்கவே முடியல. உள்ளேருந்து யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு!"

சட்டென்று விட்டாள். அது விடவில்லை. மணிக்கட்டில் ஒரு சுற்று. இன்னொன்று. பென்சில்கூட நுழையாத துளைக்குள் அவள் விரல்கள். உள்ளங்கை. மணிக்கட்டு. உள்ளே கதகதப்பு. ஏதோ துடித்தது.

"டாக்டர்... அக்கா?"

அங்கே ஏதோ தட்டு தரையில் விழுந்து உருண்டது. பிறகு டாக்டரின் குரல், ரொம்ப மெதுவாக.

"உள்ள விட்ட கேமராவில ஒரு கை தெரியுதும்மா. ஊதா நகம்."

ஐயோ. அசையக் கூடாது. அசையவே கூடாது. அவள் அசையவில்லை. கருவிதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியது, அந்தத் துடிப்பைச் சுற்றி.

இழுத்தது.

நாற்பத்திரண்டு.